கட்டை போடுகிறவள்

பெருமாயிக்கு அந்தக் காரைப் பார்த்த அன்றே பிடிக்காமல் போய்விட்டது. ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன பெட்ரோல் கார். எந்தக் கம்பெனியுடையது என்று தெரியாதபடி முன்னும் பின்னும் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள். ராத்திரி நிறுத்த, யார் கண்ணிலும் படாத இடம் வேண்டுமாம். கொல்லிமலைப் பைல் நாட்டில் ரோட்டை ஒட்டிக் கதவோடு ஒரு கொட்டகை இருந்தது அவள் புருஷன் செங்கோடன் வீட்டில்தான். உள்ளே கிடந்த குச்சிக்கிழங்கு மூட்டைகளைப் பெருமாயியே தூக்கி வந்து வாசலில் அடுக்கினாள். காருக்குக் கூரை, கிழங்குக்குப் பனி என்று ஆயிற்று.

"எத்தன நாளைக்குங்க இந்தக் கூத்து?" என்று புருஷனைக் கேட்டாள்.

"தை முடியற வரைக்கும்தான் புள்ள. காரவள்ளிக்கு எறங்கோணும், மறுக்கா ஏறோணும். அதேதான் வேலை."

"அதத்தான இத்தன வருசமா ஜீப்புல செய்யறீங்க?"

"அது பொழப்பு. இது டெஸ்ட்டு," என்றான் செங்கோடன். அந்த 'டெஸ்ட்டு' என்ற சொல்லை அவன் சொன்ன விதம் இருக்கிறதே, அதில்தான் முதல் முள் தைத்தது.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் மண் சரியும், எதில் பஸ்காரன் வழி விடமாட்டான் என்பதெல்லாம் செங்கோடனுக்கு அத்துப்படி. கம்பெனிக்காரர்கள் செம்மேட்டில் வந்து டிரைவர் கேட்டபோது நாலு பேர் கையை நீட்டியது அவனைப் பார்த்துத்தான். கம்பெனி சார்பில் மலையிலேயே தங்கி வேலை பார்த்தவள் வித்யாஸ்ரீ என்ற பெண். சேந்தமங்கலம் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. இன்ஜினியரிங் படித்தவள், பேண்ட் போட்டுக்கொண்டு மடியில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு வருவாள். காலையில் காரை எடுத்தால் அவள் உட்காருவது முன்சீட்டில், செங்கோடனுக்குப் பக்கத்தில்.

முன்சீட்டு என்றால் என்ன என்று பெருமாயிக்குத்தான் தெரியும். இத்தனை வருஷ ஜீப்பில் அவள் ஒரு நாளும் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. அது வாத்தியாருக்கும் நர்சம்மாவுக்கும் ஃபாரஸ்ட் கார்டுக்கும் உள்ள இடம். அவள் இடம் பின்னால், அதுவும் உள்ளே கிடையாது. ஏணியைப் பிடித்துக்கொண்டு வெளியே தொங்கிக்கொண்டு வருவாள்.

அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். செங்கோடன் ஜீப் வாங்கிய புதிதில் (அவனுக்குத்தான் புதிது, அதற்கு முன் யார் யாரோ ஓட்டித் தேய்த்த வண்டி) ஹேண்ட் பிரேக் என்பது பேருக்கு இருந்தது. மூட்டையும் ஆளுமாக ஏற்றிக்கொண்டு வந்தால் வளைவில் இன்ஜின் மூச்சு வாங்கி நின்றுவிடும். மறுபடி கிளப்ப வேண்டுமானால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். காலை எடுத்தால் வண்டி பின்னால் உருளும், பின்னால் இருப்பது பள்ளம். ஆகவே பின்னால் தொங்கி வருகிறவர் குதித்து, சக்கரத்துக்குப் பின்னே மரக்கட்டையைச் செருகி, "போட்டாச்சு!" என்று சத்தம் கொடுக்க வேண்டும். அந்தச் சத்தம் காதில் விழாமல் மலை டிரைவர் எவனும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டான். வண்டி ஏறிய பிறகு கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். ரோட்டில் விட்டுவிட்டு வந்தால் அடுத்து வருகிறவன் சக்கரத்துக்கு எமன். மற்ற ஜீப்புகளில் இதற்குக் கிளீனர் இருந்தான். செங்கோடன் ஜீப்பில் பெருமாயி இருந்தாள். மகள் தாமரைச்செல்வி வயிற்றில் இருந்தபோதுகூட, வயிறு தெரியும்வரை தொங்கினாள்.

பிறகு ஜீப்புக்கு வேறு இன்ஜின் வைத்தார்கள். ஹேண்ட் பிரேக்கும் சரியாயிற்று. "இனிமேட்டு நீ ஊட்டுல இரு புள்ள. கட்டைக்கு வேலையில்ல," என்றான் செங்கோடன். ஆசையாகத்தான் சொன்னான். அவளும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டாள். வேங்கை மரக் கட்டை கோழிக்கூண்டின் கதவுக்கு முட்டாகப் போயிற்று.

இப்போது அவன் சாயங்காலம் வந்து உட்கார்ந்து சாமைச் சோற்றில் மொச்சைக் குழம்பை ஊற்றிக்கொண்டு பேசுகிற பேச்சைக் கேட்க வேண்டுமே. முன்பெல்லாம் மழை, கிழங்கு விலை, எவன் ஜீப் எங்கே கவிழ்ந்தது என்று பேசுவான். இப்போது கார், கார், கார்தான்.

"மேடே தெரியல புள்ள. வளைவுல மிதிச்சா சும்மா நிக்காம எந்திரிச்சுப் போவுது. இத்தினியூண்டு இன்ஜினு!"

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?"

"அந்த அம்மிணி என்னமா கணக்குப் போடுது தெரியுமா? நான் மிதிக்கறதுக்கு முன்னாடியே லேப்டாப்புல தெரியுது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. சோறு?"

"போதும்," என்றான். தட்டில் பாதிச் சோறு இருந்தது. பெருமாயிக்குக் குழம்புச் சட்டியை அப்படியே கவிழ்த்துவிடலாம் என்று வந்தது.

மிளகு பறிக்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டு அத்தாயி வேறு எரிகிறதில் எண்ணெய் ஊற்றினாள். அத்தாயிக்கு வாய்க்கும் கைக்கும் போட்டி, எப்போதும் வாய்தான் ஜெயிக்கும்.

"ஏம் பெருமாயி, உன்ற ஊட்டுக்காரரு தெனமும் சட்டை மாத்தறாராட்டம் இருக்குது?"

"கம்பெனிக்காரங்க மொகத்துல அழுக்குச் சட்டையோட நிக்க முடியுமா?"

"அதுஞ் சரிதான். சீப்பு வேற பையில இருக்குது. நான் கண்ணால பாத்தேன்."

"நீ அவரு பையில என்ன இருக்குதுன்னு எதுக்குப் பாத்த?"

அத்தாயி சிரித்தாள். பெருமாயி சிரிக்கவில்லை. பழுத்த சரத்தையும் காய்ச் சரத்தையும் சேர்த்து இழுத்துக் கூடையில் போட்டாள். பொறாமை வந்துவிட்டால் வேலை சுத்தமாக இருக்காது.

இவ்வளவுக்கும் வித்யாஸ்ரீ மேல் குறை சொல்ல வழியில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. காலையில் வரக்காப்பி குடிக்க அடுப்படிக்கே வந்து உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் ஈர விறகு பிடிக்காமல் பெருமாயி ஊதாங்குழலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க செய்யறதுதான் எங்க கார்லயும் இருக்குது," என்றாள் வித்யாஸ்ரீ.

"காருக்குள்ள அடுப்பா?"

"அடுப்பு மாதிரிதானுங்க்கா. சின்ன இன்ஜினு, பெட்ரோலு கம்மியாக் குடிக்கும். ஆனா மலைக்கு மூச்சு பத்தாது. அதுக்காக ஒரு காத்தாடி வச்சுக் காத்தை உள்ள தள்ளறோம். டர்போன்னு பேரு. அந்தக் காத்தாடியச் சுத்தறது இன்ஜினோட பொகை. வளைவுல வண்டி மெதுவா வாரப்பப் பொகை கம்மியாயிரும், காத்தாடி சோந்துரும். மறுக்கா அது சுத்தி வாரதுக்குள்ள வண்டி தவிச்சுப்போயிரும். அந்தத் தவிப்பு நேரத்துக்கு மட்டும் ஒரு கரண்டு மோட்டரு காத்தாடியச் சுத்திக் குடுக்கும்."

"பொகை வந்த பொறவு?"

"மோட்டரு நின்னுரும். அடுத்த வளைவு வரைக்கும் அதுக்கு வேலையில்ல."

பெருமாயி ஊதுவதை நிறுத்திவிட்டாள். வேலையில்லை என்ற சொல் அவளுக்குப் பழக்கமான சொல்.

"அந்த மோட்டரு எங்க இருக்குது அம்மிணி?"

வித்யாஸ்ரீ கொட்டகைக்கே கூட்டிப் போய்க் காட்டினாள். காரின் மூக்குக்குக் கீழே, இடது பக்கம், கையகலத்துக்கு ஒரு ஓட்டை. "இதுக்குள்ளதானுங்க்கா. சீக்கிரம் சூடாயிரும். இந்த வாய் வழியாக் காத்துப் போயித்தான் ஆறும். நீங்க ஜீப்புக்கு ராத்திரி சாக்குப் போத்துவீங்கல்ல, அது மாதிரி இதுக்கு எதும் வச்சிராதீங்க. அண்ணங்கிட்டயும் மொத நாளே சொல்லியிருக்கேன்."

தை மாசக் குளிரில் மலையில் எந்த ஜீப்பும் சாக்கு இல்லாமல் தூங்காது. பனியில் டீசல் வண்டி விறைத்துக்கொள்ளும் என்று மூக்கு முழுக்கச் சாக்கைப் போர்த்தி வைப்பார்கள். விடிந்து கிளப்பும்போது எடுப்பார்கள்.

"அப்பறம் ஒரு சந்தோசமான விசயங்க்கா," என்று வித்யாஸ்ரீ மேலும் சொன்னாள். "அடுத்த மாசம் வண்டி வேற மலைக்கெல்லாம் போவுது. அண்ணனையே டிரைவராக் கூப்பிடலாம்னு இருக்கோம். எங்க மேலதிகாரி அருணாசலம் சார் மெட்ராஸ்ல இருந்து வாராரு. அவரு ஒருக்கா ஏறிப் பாத்துட்டு சரின்னா சரி. அண்ணன் சொல்லலீங்களா?"

அண்ணன் சொல்லவில்லை. அன்று முழுக்க அவன் சொல்லுவான் என்று பெருமாயி காத்திருந்தாள். கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். அவன் குழம்பையும் புகழ்ந்தான், காரையும் புகழ்ந்தான். அதை மட்டும் சொல்லவில்லை. என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும், நான் யார், கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை என்று அவளே கேட்டு அவளே பதில் சொல்லிக்கொண்டாள்.

அருணாசலம் வந்த மறுநாள் விடிவெள்ளி முளைக்கும் நேரத்தில் பெருமாயி எழுந்து கொட்டகைக்குப் போனாள். பனி கண்ணை மறைத்தது. மிளகுச் சாக்கில் ஒரு துண்டைக் கிழித்து, சுருட்டி, அந்தக் கையகல ஓட்டைக்குள் திணித்தாள். வெளியே தெரியாதபடி விரலால் உள்ளே தள்ளினாள். அவள் போட்ட கணக்கு இவ்வளவுதான். மோட்டார் மக்கர் பண்ணும். கார் எப்படியும் தன் இன்ஜினில் ஏறிவிடும். பெரியவர் முகத்தைச் சுளிப்பார், லேப்டாப்போடு அந்தப் பெண் மலை இறங்குவாள், புருஷன் பழைய சட்டையோடு ஜீப்புக்கு வருவான். செய்யும்போது சொல்லப்போனால் சுகமாகவே இருந்தது.

அவள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அருணாசலம் டிக்கியில் பாரத்துக்காக வைத்திருந்த மணல் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "இந்தக் காரை வாங்கப்போறவன் மூட்டையா ஏத்தப்போறான்? அஞ்சு பேர் உக்காந்துதான் பாக்கணும்," என்றார். செங்கோடன், வித்யாஸ்ரீ, அவர், ஆக மூன்று. இன்னும் இரண்டு உடம்பு வேண்டும். "எங்க ஊட்டுலயும் பக்கத்து ஊட்டுலயும் இருக்குதுங்க," என்றான் செங்கோடன் உற்சாகமாக. அப்படியாகப் பெருமாயியும் அத்தாயியும் பாரமாகப் பின்சீட்டில் ஏற்றப்பட்டார்கள். பெருமாயி வலது ஜன்னல், அத்தாயி நடுவில், அருணாசலம் இடது ஜன்னல்.

இறக்கத்தில் மோட்டாருக்கு வேலை கிடையாது. ஆகவே காரவள்ளி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அங்கே டீக்கடையில் நிறுத்தினார்கள். பெருமாயிக்கு மனசு அடித்துக்கொண்டது. குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல ஒரு விரலை விட்டு இழுத்தால் சாக்கு வந்துவிடும். காரின் மூக்கு வரைக்கும் போயும்விட்டாள். அப்போது பார்த்து வித்யாஸ்ரீ, "அண்ணா, இந்தாங்க, சக்கரை கம்மியாப் போடச் சொல்லிட்டேன்," என்று டீ கிளாசை நீட்டினாள். சர்க்கரை கம்மியாகக் குடிப்பான் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? பெருமாயி திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கார் ஏறத் தொடங்கியது. உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் எங்கோ உள்ளே கொசு பாடுவதுபோல மெல்லிய சத்தம் ஒன்று கேட்கும், உடனே கார் முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல எழும்பும். அத்தாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். அவளுக்குக் குடலைப் புரட்டியது.

"செங்கோடன், புத்தகத்துல இருக்கறத விடுங்க," என்றார் அருணாசலம். "மோட்டர் போட்டு ஓட்டறதுக்கும் போடாம ஓட்டறதுக்கும் உங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியுது?"

செங்கோடன் ஒரு வளைவை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"எனக்குப் படிப்பு இல்லீங்க. எனக்குத் தெரிஞ்சாப்பல சொல்றேன். மோட்டரு இருந்தா, எம் பொண்டாட்டி பின்னால கட்டையோட தொங்கிக்கிட்டு வாராப்பல இருக்குதுங்க. நின்னாலும் பின்னால போவமாட்டோம்னு ஒரு தைரியம். மோட்டரு இல்லீன்னா அவ ஊட்டுல இருக்கறாப்பல. ஓட்டிப்புடலாம், ஆனா நெஞ்சு திக்கு திக்குன்னு இருக்கும்."

"பின்னாடி யாரோ இருக்காங்கன்னு சொல்றீங்களா?" என்று சிரித்தார் அவர்.

"இருக்காளுங்களே. உங்க சீட்டுலதான், அந்தக் கோடியில."

பெருமாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவன் புகழ்ந்த புகழ்ச்சியெல்லாம் யாரைப் பற்றியது என்று இப்போதல்லவா தெரிகிறது. வீட்டில் சொல்லத் தெரியாத மனுஷன் ஊரார் முன்னால் சொல்கிறான். இவளோ அதன் வாயில் சாக்கைத் திணித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். வண்டியை நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

"சார், மோட்டர் சூடு ஏறுது," என்றாள் வித்யாஸ்ரீ லேப்டாப்பைப் பார்த்து. "இவ்வளவு ஏறவே ஏறாது."

"பாக்கலாம். அஞ்சு பேர் பாரம்ல."

"ஏனுங்க," என்றாள் பெருமாயி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அடுத்த வளைவில் பனி மூடியிருந்தது. கிழங்கு லாரி சிந்திவிட்டுப் போன சேறு ரோட்டில் வழுவழுவென்று கிடந்தது. செங்கோடன் மோட்டாரை நம்பி, கியரை இறக்காமல் திருப்பினான். பாதி வளைவில் எதிரே டவுன் பஸ் மூக்கை நீட்டிக்கொண்டு இறங்கி வந்தது. அவன் வேகத்தைக் குறைத்து ஒதுங்கி, பஸ் போனதும் மிதித்தான். கொசுச் சத்தம் வரவில்லை. கார் ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, அடங்கிவிட்டது. பிரேக்கை அமுக்கியும் ஈரச் சேற்றில் முழ நீளம் பின்னால் வழுக்கிய பிறகே நின்றது. பின்னால் பனி, பனிக்குக் கீழே பள்ளம்.

"மோட்டர் கட் ஆயிருச்சு சார்!"

"ஹேண்ட் பிரேக் போடுங்க!" என்று கத்தினார் அருணாசலம்.

"போட்டிருக்குதுங்க."

"அப்ப ஸ்டார்ட் பண்ணி எடுங்க."

"இருங்க. சத்தம் வரட்டும்."

"என்னய்யா சத்தம்?"

செங்கோடன் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெருமாயி எப்போது கதவைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சரிவோரம் கிடந்த பாறைக் கல் ஒன்றை வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்து, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, குதிகாலால் இரண்டு உதை உதைத்து இறுக்கினாள்.

"போட்டாச்சு!"

செங்கோடன் காலை எடுத்தான்.

எல்லாரும் இறங்கினார்கள். அத்தாயி ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். வித்யாஸ்ரீ முன்பக்கம் குனிவதற்குள் செங்கோடன் குனிந்துவிட்டான். கையை விட்டுத் துழாவி, கருகல் வாடை அடிக்கும் சாக்குத் துண்டை வெளியே இழுத்தான். மிளகுத் தூசி அவன் விரலில் ஒட்டியது. அது எந்த வீட்டுச் சாக்கு என்று அவனுக்குத் தெரியாதா? பெருமாயியின் பக்கம் திரும்பாமலே நின்றான்.

"நாந்தானுங்க சார். பனி சாஸ்தியா இருந்துது. ஜீப்புக்கு வக்கிற பழக்கத்துல வச்சுட்டேன்," என்றான்.

"அண்ணா! மொத நாளே சொன்னேனுங்களே!" வித்யாஸ்ரீக்கு அழுகையே வந்துவிட்டது.

"மறந்துட்டேன் அம்மிணி."

அருணாசலம் பள்ளத்தையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "மறக்கற டிரைவரை வச்சுக்கிட்டு நான் இந்த வண்டிய மலை மலையாக் கொண்டுபோக முடியாது. வேற ஆள் பாக்கச் சொல்றேன்."

அவ்வளவுதான். பெருமாயி கேட்டது இதைத்தான், கேட்டபடியே கிடைத்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், புருஷன் வீட்டோடு. ஆனால் அவன் தலை குனிந்து நின்றான். எழுபது வளைவிலும் எவன் முன்னாலும் குனியாத தலை. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"அவரில்லீங்க. நாந்தான் அடைச்சேன்," என்றாள்.

"சும்மா இரு புள்ள."

"நீங்க சும்மா இருங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. விடியால நானாத்தான் போயி அடைச்சேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"எதுக்கும்மா?" என்றார் அருணாசலம்.

"பொறாமைங்க."

அத்தாயி வாயைத் துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வித்யாஸ்ரீயின் முகம் சிவந்துபோயிற்று.

"யார் மேல?" என்றார் அருணாசலம்.

"இந்த அம்மிணி மேலன்னுதான் நானும் நெனச்சுக்கிட்டிருந்தேனுங்க. இல்லீங்க. அந்த மோட்டரு மேல." பெருமாயிக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. "வளைவுல வண்டி தவிக்கறப்ப முட்டுக் குடுக்கறது எம்பட வேலைங்க."

அருணாசலம் சக்கரத்துக்கு அடியிலிருந்த கல்லைப் பார்த்தார்.

"டிரைவர் மேல தப்பு இல்ல. அப்ப பேச்சு மாறல. அடுத்த மாசம் இவர நான் கூட்டிட்டுப் போவேன். தெரிஞ்சுக்கங்க."

"கூட்டிட்டுப் போங்க," என்றாள். சொல்வதற்கு நெஞ்சு வலித்தது. வலியோடுதான் சொன்னாள்.

மோட்டார் ஆறும்வரை காத்திருந்து எல்லாரும் ஏறினார்கள். பெருமாயி ஏறவில்லை. கல்லை ரோட்டில் விட்டுவிட்டுப் போவது மலையில் வழக்கமில்லை. செங்கோடன் கிளப்பினான். கொசு பாடியது. கார் துள்ளி எழுந்து, அவள் இல்லாமலே, ஒரு திணறலும் இல்லாமல் வளைவைத் தாண்டிப் பனிக்குள் போய்விட்டது. பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அந்தப் பாழாய்ப்போன பொறாமை மறுபடி எழுந்தது. ஒரு துளியும் குறைந்திருக்கவில்லை. ரோட்டைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். ஓரத்துக்கு உருட்டப் போனவள், உருட்டாமல் தூக்கிக்கொண்டாள்.

வளைவுக்கு மேலே சமதளத்தில் கார் நின்றிருந்தது. ஜீப் காலத்தில் நிறுத்துகிற அதே இடம். வித்யாஸ்ரீ லேப்டாப்பும் கையுமாகப் பின்சீட்டில் அத்தாயிக்குப் பக்கத்தில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்சீட்டு காலியாக இருந்தது. செங்கோடன் கதவைத் திறந்துகொண்டு வெளியே நின்றான். மூச்சிரைக்கக் கல்லோடு வருகிறவளைப் பார்த்தான்.

"கல்ல எதுக்கு புள்ள தூக்கியாந்த?"

பெருமாயி முன்சீட்டில் ஏறி, கல்லை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வளைவு இருக்குதுல்லீங்க," என்றாள்.